வக்கீல் வாங்கிக்கொண்டு போன கை

நான் கணக்கு எழுதும் கடலைக்காய் மண்டிக்கு இங்கிலீஷ் பேப்பர் வாங்குகிற ஒருவர் வருவார். பேப்பரில் உள்ளதைத் தமிழில் சொல்லிக் காட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. ஓட்டுக் கேட்டுப் போகிறவர் வழியில் கண்டவர்களோடெல்லாம் கைகுலுக்குவதை இங்கிலீஷில் ‘சதையை அமுக்குவது’ என்று சொல்வதுண்டு என்று போன வாரம் சொன்னார். மண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, யோசனைதான் வந்தது. சதையை அமுக்குவது எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குச் செய்கிற காரியம். வாலுக்கு மேலே முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலை வைத்து அமுக்கினால் அந்த ஆட்டில் எவ்வளவு கறி தேறும் என்று தெரிந்துவிடும். மனிதன் கையை அமுக்குகிறவர் எதைத் தெரிந்துகொள்கிறார்? அமுக்கப்பட்டவர் என்ன ஆகிறார்? கேட்க ஆசையாக இருந்தது. நாலு பேர் நடுவில் வாய் திறந்து கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கேட்காமலே வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகு, இரண்டாவது கேள்விக்கு எனக்கே கொஞ்சம் பதில் தெரியும் என்று தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எட்டாவது முடித்து மண்டியில் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் அக்காளை மேச்சேரிக்கு மேற்கே ஒரு ஊரில் கொடுத்திருந்தது. மச்சான் ஆட்டுத் தரகர். அந்தப் பக்கத்துச் செம்மறிக்கு மயிர் குறைவு, நிறம் வெளுத்த சிவப்பு, கறிக்கும் தோலுக்கும் பேர்போனது. சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். கடலைக்காய் வரத்துப் பார்க்க மண்டிக்காரர் என்னையும் அந்தச் சந்தைக்கு அனுப்புவார். என் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். மீதி நேரம் மச்சானுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பேன்.

ஆட்டுச் சந்தையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் தன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விற்பவர் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் இருவர் கையும் சேரும். எந்த விரலைப் பிடிக்கிறார், எத்தனை விரலைச் சேர்த்துப் பிடிக்கிறார் என்பதில்தான் விலை. வெளியே வாய் அதுபாட்டுக்கு வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும். ‘இதையெல்லாம் ஆடுன்னு ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்களா’ என்று வாய் சொல்கிற அதே நேரத்தில் விரல் நல்ல விலையாகவே கேட்டுக்கொண்டிருக்கும். விலை படிந்தால் வாங்குகிறவர் பக்கத்துக் கை, கொடுக்கிறவர் உள்ளங்கையை முழுதாகப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கும். அதோடு முடிந்தது. அப்புறம் இன்னொருவன் கூடுதலாகக் கேட்டாலும் பேச்சு மாறாது. சந்தையில் வாய்க்கு மதிப்புக் கிடையாது. வாய் பொய் சொல்லும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதும் இல்லை. கை பொய் சொல்லிற்று என்று ஒரு தரகருக்குப் பெயர் வந்தால் அவர் துண்டை மடித்து வைத்துவிட்டு வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்.

துண்டுக்கு அடியில் தவிர ஒரு ஆண்பிள்ளை கையை இன்னொரு ஆண்பிள்ளை பிடிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பெரியவரைக் கண்டால் கும்பிடுவோம். சம வயசுக்காரனைக் கண்டால் ‘வாங்க’ என்போம். எனக்கு இது மிகவும் தோதாக இருந்தது. என் உள்ளங்கை எப்போதும் வியர்த்திருக்கும்.

அந்த வருஷம் ஜில்லா போர்டுத் தேர்தல் வந்தது. ஓட்டு எல்லோருக்கும் இல்லை, நிலத் தீர்வை கட்டுகிறவர்களுக்குத்தான். மச்சானுக்குக் கொஞ்சம் புஞ்சை இருந்ததால் ஓட்டு இருந்தது. நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் அதே பக்கத்துப் பண்ணையக்காரர். முந்தின கோடையில் கிணறெல்லாம் வற்றியபோது தன் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்து, சந்தைக்கு வந்த ஆடுகளுக்கெல்லாம் தண்ணீர் விட்டவர். மச்சான் அப்போதே அவர் வீட்டு வாசலில் நின்று, ‘எந்தக் காரியம்னாலும் நானிருக்கறனுங்க’ என்று சொல்லியிருந்தார். தேர்தல் என்றதும் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். மச்சான் ‘அதுக்கென்னங்க’ என்றார்.

இன்னொருவர் சேலத்து வக்கீல். மதராசில் படித்தவர், நல்ல மனுஷர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவர் ஒரு சந்தை நாளில் பிளஷர் காரில் வந்து இறங்கினார். இறங்கியவர் கும்பிடவில்லை. நேராகக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். முதலில் நின்றவன் ஒரு பானைக்காரன். அவன் அவர் எதையோ கேட்கிறார் என்று நினைத்து ஒரு சின்னச் சட்டியை எடுத்து அவர் கையில் வைத்தான். வக்கீல் சட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். சட்டியைக் கூடவந்த குமாஸ்தா வாங்கிக்கொண்டார். அப்படியே வரிசையாக உப்புக்காரர், கயிற்றுக்காரர், ஆட்டுப் பட்டிக்காரர் என்று எல்லோர் கையையும் பிடித்துக்கொண்டே வந்தார். நான் பக்கத்திலிருந்த இரண்டு கடலைக்காய் மூட்டைகளின் காதையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மூட்டை தூக்கப் போகிறவன் என்று நினைத்து என்னை விட்டுவிட்டார்.

அடுத்து நின்றவர் மச்சான். அப்போதுதான் ஒரு பேரம் முடித்திருந்தார், கை நீண்டே இருந்தது. வக்கீல் அந்தக் கையை முழுதாகப் பிடித்தார். அவர் குனிந்ததில் தோளிலிருந்த அங்கவஸ்திரம் வழுக்கி விழுந்து இரண்டு பேர் கையையும் மூடிக்கொண்டது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. “என்னங்க, நமக்குத்தானே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டு நன்றாக ஒரு அமுக்கு அமுக்கினார். மச்சான் மரியாதைக்கு “ஆமாங்க” என்றார். வக்கீல் அங்கவஸ்திரத்தை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

மச்சான் கை அப்படியே நீண்டபடி நின்றது. எனக்கு விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. பக்கத்தில் நின்ற தரகர்களுக்கு அந்த நேரம்கூடத் தேவைப்படவில்லை.

“முடிஞ்சுதா?” என்றான் ஒருவன். “என்ன வெலைக்குப் போனீங்க?”

“வெலையா? வெரலே புடிக்கலையே. எடுத்த எடுப்புல முழுக் கையும் குடுத்துப்போட்டாரு.”

“அப்பப் பண்ணையக்காரருக்கு என்னத்தக் குடுக்கறது?”

“அவருக்கு வாயி இருக்குதில்ல.”

மச்சான் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கேலியாகவே போயிருந்தால் அடுத்த சந்தைக்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். ஆனால் அன்றைக்கு வெயில் தாழ்ந்த நேரத்தில், வருஷக் கணக்காக மச்சான் மூலமே விற்றுவந்த ஒரு வயதான பட்டிக்காரர் தன் ஆடுகளோடு வந்தார். மச்சான் வழக்கம்போலத் துண்டை எடுத்தார். பெரியவர் கையை நீட்டவில்லை. இடுப்பில் கட்டியிருந்த வேட்டி மடிப்புக்குள் கையை விட்டுக்கொண்டார்.

“கோவிச்சுக்காத சாமி,” என்றார். “உன்ற கை ஒருத்தருகிட்ட இருக்குது, வாயி ஒருத்தருகிட்ட இருக்குது. எதுல கேட்டு நான் ஆட்ட உடறது? ரெண்டும் ஒரு பக்கம் வரட்டும். வாரேன்.”

அதே ஆடுகளை இரண்டு தரகர் தள்ளி இன்னொருவர் துண்டில் விற்றுவிட்டுப் போனார். அவர் போனதைச் சந்தையே பார்த்தது.

அன்று நான் அக்காள் வீட்டிலேயே தங்கினேன். அக்காளுக்கு இது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. “கையத்தான புடிச்சாரு, கழுத்தையா புடிச்சாரு?” என்றாள். எந்தப் பெட்டியில் எதைப் போட்டாலும் யாருக்குத் தெரியப் போகிறது என்றும் சொன்னாள். “எனக்குத் தெரியுமில்ல,” என்றார் மச்சான். எனக்கு அவர் சங்கடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. பண்ணையக்காரருக்கு ஓட்டுப் போட்டால் கை கொடுத்து மாறினவன் என்று ஆகும், தரகு போகும். வக்கீலுக்குப் போட்டால் தண்ணீர் விட்டவருக்குச் சொன்ன சொல் போகும். சும்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டால் இரண்டும் போகும். சந்தைச் சட்டப்படி பார்த்தால் கைதான் பெரிது. ஆனால் தண்ணீர் சந்தையில் கொடுத்தது இல்லையே, கிணற்றில் கொடுத்தது. இதை வைத்துக்கொண்டு எந்தச் சட்டத்தில் போவது என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் பண்ணையக்காரரின் ஆள் ஒருவன் வாசலில் வந்து நின்று, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “நம்ம ஆளுதானுங்களே இன்னும்?” என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். மச்சானுக்கு அந்த ‘இன்னும்’ போதுமானதாக இருந்தது.

ஒரு வழி இருந்தது. சந்தையில் கொடுத்த கையைத் திருப்பிக்கொள்ள முடியும். அபூர்வமாக நடப்பது. ஆட்டின் கயிறு கைமாறுவதற்கு முன்னால், வாங்கியவர் மனசார ஒத்துக்கொண்டு, அதே சந்தைத் திடலில், நாலு பேர் பார்க்க, துண்டுக்கு அடியில் தன் விரல்களை விரித்து, கொடுத்தவர் கையை வெளியே தள்ளிவிட வேண்டும். கை துண்டுக்கு வெளியே வந்ததும் சொந்தமில்லாத ஒருவர் ‘கை வந்துருச்சு’ என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கைமேல் ஒரு பேச்சும் கிடையாது. ஓட்டுப் போடும் நாள் இன்னும் வரவில்லையே, அதுவரை கயிறு மாறவில்லை என்றுதானே கணக்கு என்று மச்சான் என்னைக் கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வக்கீல் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

“நீ வா மாப்ள,” என்றார். “எனக்கு அந்த மாதிரி ஆளுங்ககிட்டப் பேச வராது.”

எனக்கு எந்த மாதிரி ஆளிடமும் பேச வராது. அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் எட்டாவது படித்தவன், டவுனில் இருப்பவன் என்று என்னை நம்பினார். இரண்டு பேரும் சேலத்துக்கு மோட்டார் ஏறினோம்.

வக்கீல் வீட்டுக் கூடத்தில் வழக்குக் கொண்டுவந்த கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சந்தையிலிருந்து வந்திருக்கிறோம் என்று குமாஸ்தா உள்ளே போய்ச் சொன்னதும் வக்கீலே எழுந்து வந்துவிட்டார். வந்தவர் பார்த்த உடனே கையை நீட்டினார். மச்சான் இரண்டு கையையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். வக்கீல் கை நீண்டபடியே நின்றது. நான் என் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டேன்.

“ஏன், என்ன ஆச்சு? கையில அடிபட்டிருக்கா?”

“கையப் பத்தித்தானுங்க பேச வந்தோம்,” என்று சொல்லிவிட்டு மச்சான் என்னைப் பார்த்தார்.

நான் மேஜைக்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. நடுவில் இரண்டு தரம் ‘துண்டு’ என்பதற்கு ‘ஓட்டு’ என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, குமாஸ்தா திருத்தினார். வக்கீல் முதலில் சிரித்தார். பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்து எங்கள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். எந்த விரலுக்கு என்ன அர்த்தம், துண்டு யாருடையதாக இருக்க வேண்டும், அங்கவஸ்திரம் துண்டில் சேருமா என்றெல்லாம் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. புதிதாக ஒரு ஊருக்குப் போனவன் வழி கேட்பதுபோலக் கேட்டார்.

“அப்படின்னா அன்னிக்கு நான் எத்தனை பேரை வாங்கியிருக்கேன்?”

“எல்லாரும் அப்பிடி எடுத்துக்க மாட்டாங்க,” என்றார் மச்சான். “பானைக்காரனுக்கு அது தெரியாதுங்க. தரகு பண்றவங்க, பட்டி வெச்சிருக்கறவங்க எடுத்துக்குவாங்க.”

வக்கீல் சிறிது யோசித்தார். “நீங்க கவலைப்படவே வேண்டாம். விலையே பேசலையே. விலை இல்லாத ஒப்பந்தம் எந்தக் கோர்ட்டிலும் நிக்காது.”

“வெல பேசியிருந்தாத் தேவலீங்க. வெல பத்தலைன்னு சண்ட போட்டாவது கையத் திருப்பியிருப்பேன். வெல பேசாமக் குடுத்தா அது சும்மா குடுத்ததுங்க. சும்மா குடுத்ததத் திருப்பிக் கேக்கறது எப்படிங்க?”

எனக்கு அந்த நேரத்தில் ஏன் அப்படித் தோன்றிற்று என்று தெரியவில்லை, கேள்வி தானாகவே வெளியே வந்துவிட்டது. “நீங்க எதுக்குங்க எல்லாரு கையையும் புடிச்சீங்க?” என்றேன். கேட்ட பிறகு காது சுட்டது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மதராசில் படித்த காலத்தில் அப்படிச் செய்கிறவர்களைப் பார்த்ததாகச் சொன்னார். வெள்ளைக்காரர் ஊரில் அதுதான் வழக்கமாம். தெரியாதவன் கையைப் பிடிக்க முதலில் அவருக்கே கூச்சமாக இருந்ததாம். முந்தின நாள் வீட்டில் குமாஸ்தா கையைப் பிடித்துப் பழகிக்கொண்டாராம். குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார்.

“எதுக்குன்னா, ஒருத்தர் கையைப் பிடிச்சுட்டா அப்புறம் அவரால லேசா முகத்தைத் திருப்பிக்க முடியாது பாருங்க. அதுக்குத்தான்.”

“அதத்தானுங்க நாங்களும் சொல்றோம்,” என்றார் மச்சான்.

வக்கீல் தன் உள்ளங்கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்கச் சந்தைக்கு வர வேண்டும், நாலு பேர் பார்க்கச் செய்ய வேண்டும் என்று நான் சொன்னதும் குமாஸ்தாவுக்குப் பொறுக்கவில்லை. எங்களை வைத்துக்கொண்டே சொன்னார்: தேர்தலுக்கு முன்னால் மிச்சமிருப்பது ஒரே ஒரு சந்தை. அங்கே போய் ஒருவர் கையைத் திருப்பிக் கொடுத்தால் மற்றவர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள். இவர்கள் சொல்வதுபோலக் கை அத்தனை பெரிது என்றால் கையிலிருப்பதை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதுதானே புத்தி.

குமாஸ்தா சொன்னது சரியான கணக்கு. நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். மச்சானும் அது சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வக்கீல் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. “சந்தைக்கு எப்படியும் வரத்தான் போறேன். பார்க்கலாம்,” என்றார். எங்களை அனுப்ப வாசல்வரை வந்தார். கையை நீட்டப் போய், நினைத்துக்கொண்டு, கும்பிட்டார்.

தேர்தலில் அவர் தோற்றார், பண்ணையக்காரர் ஜெயித்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சந்தையில் நடந்ததால் தோற்றார் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் தண்ணீர் விட்டவரை யாரும் தோற்கடித்திருக்க முடியாது.

கடைசிச் சந்தையன்று மண்டி வேலை இல்லாவிட்டாலும் மண்டிக்காரரிடம் கேட்டுக்கொண்டு போனேன். மச்சான் தன் இடத்தில் நின்றார். துண்டு தோளிலேயே கிடந்தது. அவர் பக்கம் ஆடு வரவில்லை. முந்தின சந்தையில் ஒருவர்தான் ஒதுங்கினார், இப்போது அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒதுங்கினார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. ‘என்னங்க, சௌக்கியங்களா’ என்று கேட்டுவிட்டு அடுத்த தரகரிடம் போனார்கள். அந்த வயதான பட்டிக்காரர் தன் ஆடுகளைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். விற்க வந்தவர் விற்காமல் எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

சந்தை நன்றாகக் கூடிய நேரத்தில் கார் வந்தது. வக்கீல் இறங்கினார். இந்த முறை எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். பானைக்காரன் தயாராகக் கையை நீட்டியிருந்தான், அவனையும் கும்பிட்டார். அவன் முகம் சுருங்கிவிட்டது. நேராக மச்சான் முன்னால் வந்து நின்றார். குமாஸ்தா இரண்டு அடி பின்னால், பல் வலிக்கிறவர்போல நின்றார்.

“துண்டைப் போடுங்க,” என்றார் வக்கீல்.

மச்சான் துண்டை எடுத்து உதறிப் போட்டார். இரண்டு கையும் உள்ளே போயின. சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. “இப்ப என்ன வெலைக்குத் திருப்பறாரு?” என்று பின்னால் ஒருவன் கேட்டான். “வட்டியோட,” என்றான் இன்னொருவன். துண்டு அசைந்தது. சாதாரணமாக ஒரு நொடியில் முடிகிற காரியம். இது அதைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்தது. வக்கீலுக்கு விரல்களை எப்படி விரிப்பது என்று தெரியவில்லையோ என்று நினைத்தேன். பிறகு துண்டு ஓரம் தூக்கியது, மச்சான் கை வெளியே வந்தது.

வந்த கை அப்படியே நின்றது. யாராவது சொல்ல வேண்டும். நான் சொல்லக் கூடாது, சொந்தக்காரன். மற்ற தரகர்களுக்கு இந்த வேடிக்கை இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். சொல்லாமலே விட்டுவிட்டால் வக்கீல் இத்தனை தூரம் வந்ததும் வீண். மச்சான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வக்கீல் என்னைப் பார்த்து, அடுத்தது என்ன என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார்.

புளியமரத்தடியிலிருந்து அந்தப் பட்டிக்காரர் எழுந்து வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மச்சான் அருகில் வந்து, கையை இப்படியும் அப்படியும் பார்த்தார். ஆட்டுக்குப் பல் பார்க்கிற அதே பார்வை.

“கை வந்துருச்சு,” என்றார்.

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குமாஸ்தா பயந்ததும் நடந்தது. ஒரு தரகர் முன்னால் வந்து, “அப்ப என்ற கையையும் குடுத்துப்போடுங்க சாமி, எங்க ஊட்ல திட்டறாங்க,” என்றார். வக்கீல் அவருக்கும் கொடுத்தார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், அவர்களுக்கும் கொடுத்தார். இப்போது விரல்களை விரிக்க நன்றாகவே வந்துவிட்டது அவருக்கு. நாலாவதாக ஒருவர் துண்டோடு வந்து நின்றார். வக்கீல் கையை நீட்டியதும், “இல்லீங்க, என்ற கைய வெச்சுக்கங்க. அதச் சொல்லிப்போட்டுப் போலாம்னுதான் வந்தேன்,” என்றார். கூட்டம் சிரித்தது. வக்கீலும் சிரித்தார். குமாஸ்தா மட்டும் அந்த மனிதரை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார்.

கூட்டம் கலையத் தொடங்கியதும் பட்டிக்காரர் தன் ஆடுகளை மரத்தடியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து மச்சான் முன்னால் நிறுத்தினார். இடுப்பு மடிப்பிலிருந்து கையை எடுத்து நீட்டினார். மச்சான் துண்டை அதன்மேல் போட்டார்.

“இதையெல்லாம் ஆடுன்னு சொல்லி ஓட்டிக்கிட்டு வந்தீங்களா?” என்றார் மச்சான்.

“உன்ற கண்ணுல பூ விழுந்துருச்சு சாமி, அதான் ஆடு தெரியல.”

துண்டுக்கு அடியில் விரல்கள் நகர்ந்துகொண்டிருந்தன. வக்கீல் காரில் ஏறாமல் என் பக்கத்தில் வந்து நின்று அதையே பார்த்தார். நான் கைகளைக் கட்டிக்கொண்டேன். அவர் என் கையைத் தேடவில்லை, துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன விலை போகுது?” என்று என் காதோடு கேட்டார்.

“தெரியாதுங்க,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். துண்டு மறுபடி அசைந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.